தட்டிப் பார்க்க முடியாத பானை

கேள்வி: ஊறுகாய் ஜாடி வாங்கினால்கூட விரலால் சுண்டிப் பார்த்துத்தான் வாங்குகிறோம். பதினைந்து லட்ச ரூபாய் மின்சாரக் காரை எங்கே சுண்டிப் பார்ப்பது? (விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டை வாசகர்)

பதில்: சுண்டிப் பார்க்க இடமே இல்லை என்பதுதான் பிரச்சினையின் வேர். பதமாகச் சுட்ட பீங்கான் கணீரென்று ஒலிக்கும். உள்ளே மயிரிழை விரிசல் இருந்தால் ஒலி செத்துவிடும். மேற்பூச்சின் பளபளப்பு கண்ணை ஏமாற்றலாம், காதை ஏமாற்றாது. பெட்ரோல் காருக்கும் அப்படி ஒரு காது இருந்தது. அனுபவமுள்ள மெக்கானிக் இன்ஜினை ஓடவிட்டு, சத்தத்தைக் கேட்டு, புகையின் நிறத்தைப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று சொல்லிவிடுவார். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் பொதுவான மூன்றாம் ஆள் அவர். அவர் சொல்லுக்கு மதிப்பு வந்தது அதனால்தான். மின்சாரக் காரில் அந்த மூன்றாம் ஆளுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. பேட்டரிக்குள் இருக்கும் நூற்றுக்கணக்கான செல்களில் எது சூடாகிறது, எது மற்றவற்றோடு சேராமல் பின்தங்குகிறது என்பதெல்லாம் பேட்டரியைக் கண்காணிக்கும் கணினியில் பதிவாகிறது. அந்தப் பதிவை முழுதாகப் படிக்கும் கருவி நிறுவனத்திடம்தான் இருக்கிறது. குற்றம் சாட்டப்படுபவர் கையிலேயே சாட்சியும் இருக்கும் வழக்கு இது.

நம் பக்கத்துத் தொழிற்சாலையையே பாருங்கள். ஹூண்டாய் நிறுவனம் ஸ்ரீபெரும்புதூரில் பூட்டி விற்ற கோனா எலக்ட்ரிக் 2019 ஜூலையில் சந்தைக்கு வந்தது. கொரியாவில் சில கோனா கார்கள் தீப்பிடித்த பிறகு, 2020 டிசம்பரில் இந்தியாவில் 456 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் உலகம் முழுவதும் சுமார் 82,000 வண்டிகளுக்குப் பேட்டரியை மாற்றித் தருவதாக நிறுவனம் அறிவித்தது. அதே நிறுவனத்தின் அயோனிக் 5 காரில் வேறொரு கோளாறு: பெரிய பேட்டரியிலிருந்து சின்ன 12 வோல்ட் பேட்டரிக்கு மின்சாரம் அனுப்பும் பகுதி கெட்டது, 2024 ஜூனில் 1,744 கார்கள் அழைக்கப்பட்டன. தவறை ஒப்புக்கொண்டு திரும்ப அழைத்தது சரியான செயல், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த 456 பேரில் ஒருவராவது டெலிவரி நாளில் எவ்வளவு கூர்ந்து பார்த்திருந்தாலும் அந்தக் குறையைக் கண்டிருக்க முடியுமா? முடியாது. வாங்குபவரால் காண முடியாத குறையை அவரே நிரூபிக்க வேண்டும் என்று கேட்கும் முறை மாற வேண்டும். இந்த வாரம் வந்த கேள்விகள் எல்லாவற்றுக்கும் நான் சொல்லப்போவது இதைத்தான்.

கேள்வி: வண்டி தாமதமாக வருவது ஒரு தொல்லை, வந்த வண்டி சரியில்லாதது இன்னொரு தொல்லை. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? (பெண்ணாடம்)

பதில்: இரண்டும் ஒரே சூளையில் வெந்தவை. சூளை ஆறுவதற்கு முன் கதவைத் திறந்தால் என்ன ஆகும் என்று விருத்தாசலத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: குளிர்காற்று பட்டதும் பாண்டம் விரிசல் விடும். வாக்குக் கொடுத்த தேதி நெருங்குகிறது என்று ஆறாத சூளையைத் திறப்பதுதான் வாகனத் தொழிலிலும் நடக்கிறது.

தமிழ்நாட்டில் இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு கார் அல்ல, ஸ்கூட்டர். கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் ஆலை கட்டிய ஓலா எலக்ட்ரிக், 2021 ஜூலையில் 499 ரூபாய்க்கு முன்பதிவு தொடங்கியது. ஒரே நாளில் ஒரு லட்சம் பேர் பதிவு செய்தார்கள். ஆகஸ்ட் 15 அன்று வண்டி அறிமுகமானது. அக்டோபரில் தருவதாகச் சொன்னது டிசம்பர் நடுவில்தான் தொடங்கியது. 2022 மார்ச்சில் புனேயில் ஒரு வண்டி தீப்பற்றியது; ஏப்ரலில் 1,441 வண்டிகளைச் சோதனைக்குத் திரும்ப அழைத்தார்கள். 2023 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரையிலான ஓராண்டில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அந்த நிறுவனத்தின் மேல் 10,644 புகார்கள் வந்தன. அவற்றில் 3,389 சர்வீஸ் தாமதம் பற்றியவை, 1,899 டெலிவரி தாமதம் பற்றியவை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. 99.1 சதவீதப் புகார்களைத் தீர்த்துவிட்டோம் என்று நிறுவனம் பதில் சொன்னது. தீர்ந்ததா இல்லையா என்பதையும் நிறுவனமே சொல்லும் நிலை, முதல் கேள்விக்குச் சொன்ன பதிலுக்கே நம்மைத் திருப்பி அனுப்புகிறது. வெளிநாட்டிலும் கதை வேறல்ல. 2018-இல் டெஸ்லா மாடல் 3 உற்பத்தியில் திணறி, ஆலைக்கு வெளியே கூடாரம் போட்டுக் கார் பூட்டியது. உற்பத்தி நரகத்தைக் கடந்து டெலிவரி நரகத்துக்குள் வந்திருக்கிறோம் என்று எலான் மஸ்க்கே சொன்னார்.

ஆகவே தேதி தவறுவதைவிட, தேதிக்காகப் பரிசோதனையைச் சுருக்குவதே அஞ்ச வேண்டியது. ஆலையில் முடிந்திருக்க வேண்டிய சோதனையை வாங்கியவர் தன் செலவில், தன் ரோட்டில் செய்து முடிக்கிறார்.

கேள்வி: சரி, ஆயுத பூஜைக்கு டெலிவரி எடுக்கப்போகிறேன். அன்று எதையெதைப் பார்க்க வேண்டும்? (விருத்தாசலம் ஜங்ஷன் ரோடு)

பதில்: அன்று பார்க்காதீர்கள். மாலையும் சந்தனமும் போட்டு, குடும்பத்தோடு போட்டோ எடுக்கும் நாளில் யாருக்கும் குறை சொல்ல மனம் வராது. பார்க்க வேண்டியது உங்கள் பெயரில் பதிவு ஆவதற்கு முன்பு. பதிவெண் விழுந்தபின் அந்த வண்டியைச் சந்தை புதிய வண்டியாக மதிக்காது. டீலரும் வேறு வண்டி தர மாட்டார், ரிப்பேர் செய்து தருகிறேன் என்பார். பதிவுக்கு முன், முழுப் பணமும் கைமாறாத நிலையில், உங்கள் ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு இருக்கும் எடை பிறகு எந்த வக்கீல் நோட்டீசுக்கும் இருக்காது.

ஆகவே சேஸிஸ் எண்ணைக் கேட்டு வாங்கி, யார்டில் நிற்கும் அதே வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். விற்பனைச் சான்றான படிவம் 21-இல் தயாரித்த மாதமும் ஆண்டும் எழுத இடம் உண்டு, அதைக் கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கம், வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். மாதக்கணக்கில் யார்டில் நின்ற மின்சாரக் காரில் முதலில் சாவது சின்ன 12 வோல்ட் பேட்டரிதான். பெரிய பேட்டரி நிறைய மின்சாரம் இருந்தும் வண்டி கண் விழிக்காது. வீட்டு சார்ஜர், வேகச் சார்ஜர் இரண்டிலும் செருகி, சார்ஜ் ஏறுகிறதா என்று கண்ணெதிரே பாருங்கள். கண்ட குறைகளை எழுதி, டீலரின் கையெழுத்து வாங்குங்கள். இவ்வளவும் செய்தாலும் நீங்கள் பார்த்தது மேற்பூச்சைத்தான் என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: புதுக் காரின் டயருக்கு அடியில் நாம் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். அமெரிக்காவில் காருக்கென்றே எலுமிச்சைச் சட்டம் இருக்கிறதாமே? (மங்கலம்பேட்டை)

பதில்: இருக்கிறது. இங்கே எலுமிச்சை காரைக் காக்கும்; அங்கே எலுமிச்சை என்றால் ஓயாமல் கெடும் காரென்று பொருள். 1982-இல் கனெக்டிகட் மாநிலம் முதலில் அந்தப் பெயரோடு சட்டம் போட்டது. ஆனால் நமக்கு உதவும் முன்மாதிரி அமெரிக்காவைவிட சிங்கப்பூர். அங்கே 2012 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கும் விதி எளிமையானது: பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது வாங்கிய அன்றே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லையென்று காட்டும் பொறுப்பு விற்றவருடையது. முதலில் பழுது பார்க்கவோ மாற்றித் தரவோ வேண்டும். முடியாவிட்டால் விலையைக் குறைக்க வேண்டும் அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்தக் காலம் ஓராண்டு.

நம்மிடம் சட்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 நல்ல சட்டம். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது. ஆனால் ஓட்டைகள் எங்கே என்று பாருங்கள். பொருளால் நேரும் கேட்டுக்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்கும் அத்தியாயத்தில், ‘கேடு’ என்பதில் அந்தப் பொருளுக்கே நேர்ந்த சேதம் சேராது என்று எழுதியிருக்கிறது. கார் தீப்பிடித்துக் கொட்டகை எரிந்தால் அந்த அத்தியாயம் துணைக்கு வரும். எரிந்த காருக்கு வராது. காருக்கு ‘குறைபாடு’ என்ற தனி வழியில் போக வேண்டும். அங்கே, பார்த்தவுடன் தெரியாத குறையை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிச் சோதிக்கலாம் என்கிறது சட்டம். சோதனைக் கட்டணத்தைப் புகார் கொடுத்தவரிடமே வழக்கை விசாரிக்கும் ஆணையம் கேட்கலாம். 2006-இல் மாருதி காரின் கிளட்ச் பற்றிய வழக்கில், வாரன்டி கெட்ட பாகத்துக்குத்தான், அதற்காகக் காரையே மாற்றித் தரச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிளட்ச் என்பது தனியே கழற்றி மாட்டக்கூடிய பாகம். மின்சாரக் காரின் விலையில் பெரிய பங்கு பேட்டரிதானே? அது கெட்டால் கெட்டது பாகமா, காரா? சிங்கப்பூர் விதியை இங்கே எழுதிவிட்டால் இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் சுமை சரியான தோளுக்குப் போய்ச் சேரும்.

கேள்வி: கல்லிலும் பள்ளத்திலும் ஓட்டிக் கெடுத்துவிட்டு, பிறக்கும்போதே நோய் என்று பொய் சொல்ல ஆள் இல்லையா? (டீலர் ஒருவர்)

பதில்: இருப்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் உங்கள் அச்சத்துக்கு மருந்தும் அந்தக் காருக்குள்ளேயே இருக்கிறது. எவ்வளவு வெப்பத்தில் ஓடியது, எத்தனை முறை வேகச் சார்ஜ் ஏறியது, எப்போது எச்சரிக்கை விளக்கு எரிந்தது என்பதெல்லாம் பதிவாகிறது. பொய் சொல்பவரைப் பிடிக்கும் ஆதாரம் நிறுவனத்திடம் கைவசம் உண்டு. உண்மை சொல்பவர் தன்னைக் காக்கும் ஆதாரம் அவரிடம் இல்லை. சிங்கப்பூர் விதியும் மறுக்க முடியாத தீர்ப்பு அல்ல. நிறுவனம் பதிவைக் காட்டி மறுக்கலாம். மறுக்க வேண்டுமானால் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: புதிய தொழில்நுட்பம். ஆரம்பத்தில் நாலு பிழை வரத்தானே செய்யும்? கடுமை காட்டினால் தொழில் வளருமா? (பொறியியல் மாணவர், நெய்வேலி)

பதில்: பிழை வரும். அதன் விலையை யார் கொடுப்பது என்பதே கேள்வி. புதிய களிமண்ணில் புதிய மேற்பூச்சுப் போட்டுச் சுட்டால் முதல் சூளையில் பல உருப்படிகள் தேறாது. செய்தவர் அவற்றைப் பிரித்து, இரண்டாம் தரம் என்று சொல்லிக் குறைந்த விலைக்குத் தருவார். முதல் தர விலை வாங்கிக்கொண்டு இரண்டாம் தரத்தைக் கலந்து தந்தால் அவர் கடைக்கு யாரும் மறுபடி போக மாட்டார்கள். பழகும் காலம் இது என்று கூறும் நிறுவனம் எதுவும் பழகும் காலத்துக்கான தள்ளுபடி தரவில்லை. மேலும் மின்சார வாகனத்துக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம் மட்டுமே; பெட்ரோல் காருக்கு இதைப்போலப் பல மடங்கு. அந்தச் சலுகை பொதுப்பணம். பொதுப்பணத்தில் வளரும் தொழிலிடம் கூடுதல் பொறுப்பு கேட்பது தொழிலுக்கு விரோதம் ஆகாது.

கேள்வி: பேசாமல் பெட்ரோல் காரே வாங்கிவிடவா?

பதில்: வேண்டாம். மின்சாரக் காரில் தேயும் பாகங்கள் குறைவு, ஓட்டச் செலவு குறைவு, புகை இல்லை. நல்ல பொருள் என்பதால்தான் இவ்வளவு மல்லுக்கட்டுகிறேன்.

கேள்வி: கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டினால் தீருமா? (மணவாளநல்லூர்)

பதில்: கட்டுங்கள், அந்த வழக்கத்திலேயே நல்ல பாடமும் இருக்கிறது. பெயர், ஊர், யார்மேல் என்ன குறை என்று தாளில் எழுதி, முனியப்பர் சன்னிதியில் கட்டுகிறோம். வாயால் புலம்புவதில்லை, எழுதுகிறோம். டீலரிடமும் அதையே செய்யுங்கள். ஒவ்வொரு முறை வண்டியை விடும்போதும், நீங்கள் சொன்ன குறை ஜாப் கார்டில் உங்கள் சொற்களிலேயே ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ‘பொது சோதனை’ என்று எழுதியிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் பேசிப் புகார் எண் வாங்குங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். காரை சென்னையில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது கடலூரிலேயே, வழக்குப் போடலாம். 50 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளை மாவட்ட ஆணையம் விசாரிக்கும். 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை கட்டணம் 400 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

கோயிலில் குறை தீர்ந்தபின் வந்து பிராதை வாபஸ் வாங்குவது முறை. ஆணையத்திலும் அந்த வரிசையை மாற்றாதீர்கள். ‘மனுவை வாபஸ் வாங்குங்கள், அடுத்த வாரம் புதுப் பேட்டரி போட்டுத் தருகிறோம்’ என்று போனில் சொன்னால், முதலில் பேட்டரி, அதன் வரிசை எண், புதிய வாரன்டித் தேதி மூன்றும் எழுத்தில் வரட்டும்.