பிரபு வீட்டில் டிக்கெட் கவுண்ட்டர்

கேள்வி: வேல்ஸ் நாட்டுக் கிராமங்களில் பிரபுக்களின் பழைய மாளிகைகளைக் காசு கொடுத்துச் சுற்றிப் பார்க்கிறார்களாமே! வடசென்னையில் அப்படி ஒன்று உண்டா?
– ராயபுரம் வாசகர்

பதில்: உங்கள் ஊரிலேயே இருக்கிறது. பிளாட்பார டிக்கெட் எடுத்தால் போதும். உயர்ந்த தூண்களோடு ஜமீன் பங்களா மாதிரி நிற்கிற ராயபுரம் ரயில் நிலையத்தைத்தான் சொல்கிறேன். 1856-இல் கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்தார். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் வாலாஜாவுக்குப் போனது. பெட்டிகள் நம்ம சிம்ப்சன் கம்பெனி செய்தவை. பம்பாய்க்கும் தானாவுக்கும் இடையே 1853-லேயே ரயில் ஓடிவிட்டது, வாஸ்தவம். ஆனால் அந்த முதல் ஸ்டேஷன் கட்டடங்கள் இப்போது இல்லை. நம்முடையது நிற்கிறது.

கேள்வி: ரயில்வே ஸ்டேஷனுக்கு எதற்கய்யா அத்தனை தூண்?
– தண்டையார்பேட்டை வாசகர்

பதில்: பந்தாவுக்குத்தான். மதராஸ் வெள்ளைக்காரன் நாலு காசு சேர்த்ததும் கோட்டையை விட்டு வெளியே வந்து, பெரிய தோட்டத்தின் நடுவே தூண் வைத்த வீடு கட்டினான். தூண் இருந்தால் பெரிய மனுஷன். புதிதாக வந்த ரயில் கம்பெனிக்கும் அந்த மரியாதை தேவைப்பட்டிருக்கும். போனஸாகப் பயணிகளுக்கு நிழல்.

கேள்வி: அந்தக் காலத்துச் சுவர் மட்டும் எப்படிப் பளிங்கு மாதிரி மின்னியது?
– காசிமேடு வாசகர்

பதில்: கடற்கரைச் சரக்குதான். கிளிஞ்சலைச் சுட்டு, நீற்றி, சலித்து, வெல்லத் தண்ணீர் விட்டு அரைப்பார்கள். கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு, தயிர், நெய்! வழவழப்பான கல்லால் விடாமல் தேய்க்கத் தேய்க்க முகம் பார்க்கலாம். இன்றைய விலைவாசியில் சுவரைப் பட்டினி போட்டுவிட்டு நாமே சாப்பிட்டுவிடுவோம்.

கூரைக்குப் போடும் மெட்ராஸ் டெரஸ் இன்னும் சுவாரசியம். தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்துக்கல்லாக நிறுத்தி அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து நாள்கணக்கில் கட்டையால் அடிப்பார்கள். அடித்த கட்டை துள்ளி எழும்பினால்தான் மேஸ்திரி 'போதும்' என்பார். உங்கள் தெருப் பழைய வீட்டில் அண்ணாந்து பாருங்கள், உத்திரம் தெரியும். ஒழுகுகிறதென்று அதன் மேல் சிமென்ட் பூசிவிடாதீர்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் மரம் உளுத்துவிடும்.

கேள்வி: வேல்ஸுக்கும் மதராஸுக்கும் என்ன ஒட்டும் உறவும்?
– திருவொற்றியூர் வாசகர்

பதில்: இரண்டு கவர்னர்கள். எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை இங்கே ஆண்டு, இங்கே சம்பாதித்து, வேல்ஸின் ரெக்ஸம் நகரத் தேவாலய வளாகத்தில் அடக்கமானவர். அமெரிக்க யேல் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர்தான்.

இன்னொருவர் ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ். 1798-இல் கவர்னராக வந்தார், மறு வருஷமே திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அந்த வெற்றியைக் கொண்டாட விருந்து மண்டபம் கட்டினார். நம்முடைய ராஜாஜி ஹால்தான் அது. வரைந்து கட்டிய கோல்டிங்ஹாம், கம்பெனியின் வானசாஸ்திரி! எட்வர்டின் மனைவி ஹென்ரியட்டாவின் பிறந்த வீட்டுச் சொத்து, வேல்ஸில் செங்கல்நிறக் கல்லால் எழுந்த போவிஸ் கோட்டை. 13-ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் சிற்றரசர் எழுப்பியது. பிறகு படிப்படியாக இறங்கும் தோட்டங்களோடு மாளிகையானது. திப்புவின் பூப்போட்ட கூடாரமும் அவர் சிம்மாசனத்துத் தங்கப் புலித்தலை ஒன்றும் இன்று அங்கேதான். காசு கொடுத்துப் பார்க்கிற மாளிகை என்றீர்களே, அங்கே நாம் டிக்கெட் வாங்குவது நம்ம ஊர்ச் சாமானைப் பார்க்க.

கேள்வி: எண்ணூரிலும் துரைமார் பங்களாக்கள் இருந்தனவாமே?
– கத்திவாக்கம் வாசகர்

பதில்: இருந்தன. உங்கள் கத்திவாக்கமும் திருவொற்றியூரும் 1708-இல் நவாபிடமிருந்து கம்பெனி கைக்கு வந்த ஐந்து கிராமங்களில் இரண்டு. துரைமார் எண்ணூருக்குக் காற்று வாங்கப் போனார்கள். நாம் இப்போது அதே காற்றைப் பற்றி மனு கொடுக்கிறோம்.

கேள்வி: ராயபுரம் ஸ்டேஷனுக்கு நாங்கள் என்ன செய்யலாம்?
– பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்

பதில்: 2005-இல் புதுப்பித்தார்கள், அதோடு விட்டுவிடக் கூடாது. ராயபுரத்தில் பெரிய ரயில் முனையம் வேண்டும் என்று வருஷக்கணக்காக மனு போடுகிறோம் அல்லவா? அடுத்த மனுவில் ஒரு வரி கூடுதலாக எழுதுங்கள்: 'பழைய கட்டடத்தில் கை வைக்காமல் கட்டவும்.'