கம்முனு கெடக்காத கேள்விகள்

கே: நடிகை மனோரமாவை ஏன் 'ஆச்சி' என்கிறார்கள்? செட்டிநாட்டுக்காரரா? (மன்னார்குடி வாசகர்)

ப: உங்கள் ஊர்க்காரரை உங்களுக்கே அறிமுகப்படுத்த வேண்டியிருக்கிறதே! 1937-ல் மன்னார்குடியில் பிறந்த கோபிசாந்தாதான் அவர். வறுமை அம்மாவையும் மகளையும் காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. நாடக மேடையும் செட்டிநாட்டு 'ஆச்சி'யும் அங்கிருந்து ஒட்டிக்கொண்டவை.

கே: கதாநாயகியாக நடித்ததே இல்லையா?

ப: உண்டு, 1963-ல் 'கொஞ்சும் குமரி'. ஆனால் 1958-ல் கண்ணதாசன் தயாரித்த முதல் படம் 'மாலையிட்ட மங்கை'யிலேயே சிரிப்பு வேடம்தான். கதாநாயகியென்றால் நாலு வருஷத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், காமெடி என்றால் கடைசிவரை நிற்கலாம் என்று கவிஞர் சொன்னதாக ஆச்சியே பேட்டியில் சொல்லியிருக்கிறார். 1987-ல் ஆயிரம் படம் தாண்டி கின்னஸில் ஏறினார். கவிஞர் ஜோசியம் பார்த்தும் பிழைத்திருக்கலாம்.

கே: அவர் நடித்ததில் உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு காட்சி?

ப: ஒன்றுதானா? கஞ்சத்தனம்! சரி, 'தில்லானா மோகனாம்பாள்' (1968). எதிரில் சிவாஜி, நாதஸ்வரச் சக்கரவர்த்தியாக. ஜில் ஜில் ரமாமணி கேட்கிறார்: உங்க நாயனத்தில் மட்டும்தான் இப்படிச் சத்தம் வருமா, எல்லா நாயனத்திலும் இப்படித்தானா? முகத்தில் கிண்டலின் நிழல்கூட இல்லை. கணக்கு வாத்தியாரிடம் சந்தேகம் கேட்கும் பிள்ளையின் அக்கறை. சிரிக்கவைக்கப் போகிறோம் என்று கண்ணோரம் ஒரு துளி காட்டியிருந்தாலும் வசனம் அங்கேயே படுத்திருக்கும். நாடகக்காரி வேடத்தில் அசல் நாடகக்காரி. மேடையை நம்பிச் சோறு தின்ற பெண்ணின் வெகுளியையும் சாமர்த்தியத்தையும் அவருக்கு எந்த இயக்குநரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கே: 'சம்சாரம் அது மின்சாரம்' கண்ணம்மா ஓவர் ஆக்டிங் என்கிறான் என் மகன்.

ப: ஓவர்தான்! சம்பந்தியாக வரும் கிஷ்முவை மடக்க வேலைக்காரி கண்ணம்மா போடுவதே நாடகம்தானே. வேலைக்காரி நடிப்பதை மனோரமா நடிக்கிறார். 'நடிகன்' (1990) பார்க்கச் சொல்லுங்கள். கிழவர் வேஷத்தில் வரும் சத்யராஜிடம் மனதைக் கொடுக்கும் பேபியம்மா. விழுந்து விழுந்து சிரித்தபின், 'அடப்பாவமே' என்று ஒரு நிமிஷம் இருக்கும். அது மகனுக்குப் பிடிபட்டால் தேறிவிடுவான்.

கே: ஐந்து முதல்வர்களுடன் நடித்தாராமே?

ப: மேடையில் அண்ணா, கலைஞர். திரையில் எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, ஆந்திரத்து என்.டி.ஆர். கட்சி மாறாமலே இத்தனை பேர் பக்கத்தில் நின்றவர் தமிழ்நாட்டில் வேறு யார்?

கே: விருதுகள் போதுமான அளவு கிடைத்ததா?

ப: 'புதிய பாதை'க்குத் தேசிய விருது, 2002-ல் பத்மஸ்ரீ. தேசிய விருதில் போட்டிருந்தது 'சிறந்த துணை நடிகை'. யாருக்குத் துணை என்று நடுவர்களைத்தான் கேட்க வேண்டும்.  ஆச்சி 2015 அக்டோபரில் காலமானார். யூடியூபில் காமெடித் துண்டுகளை மட்டும் பார்த்து அவரை எடைபோடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு படத்தையாவது முழுசாக உட்கார்ந்து பாருங்கள்.