காசோலையும் வருகைப்பதிவேடும்

கேள்வி: ஓய்வு பெற்றவர் நன்கொடை அளித்தால் போதுமா, ஊர்ப்பணியிலும் இறங்க வேண்டுமா?

பதில்: பணம் கட்டடத்தைத் தரும், அதை வாழவைப்பது ஊரின் உழைப்பே என்பதற்கு, 1901இல் தமது எஃகு நிறுவனத்தை ஏறத்தாழ 48 கோடி டாலருக்கு விற்று, 65ஆம் வயதில் தொழிலிலிருந்து விலகிய ஆண்ட்ரூ கார்னகி சான்றாவார். வாழ்நாளில் 2,500க்கும் மேற்பட்ட நூலகங்களுக்குப் பொருள் வழங்கிய அவர், கட்டடச் செலவைத் தாம் ஏற்றபோதிலும், நிலத்தை ஊரே தர வேண்டும் என்றும், கொடைத்தொகையில் பத்தில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கு, அதாவது நூல்கள், பணியாளர் ஊதியம் போன்ற தொடர்செலவுகளுக்கு, ஆண்டுதோறும் ஒதுக்க வேண்டும் என்றும் பொதுவாக நிபந்தனை விதித்தார். ஆகவே, ஓய்வூதியத்தில் சிறு தொகை அளிப்பவரும் ஊர் நூலகத்தின் கணக்கைச் சரிபார்க்கவோ, மாணவருக்குப் பாடம் சொல்லவோ முன்வரும்போது அக்கொடை முழுமை பெறுகிறது. காசோலையில் இடும் கையெழுத்து ஒரு நொடியில் முடிந்துவிடும். ஊர்க்கூட்டத்தின் வருகைப்பதிவேட்டில் தொடர்ந்து இடும் கையெழுத்தே அறத்தை நிலைநிறுத்தும்.