ஒப்புக்குச் சப்பாணி

வா தம்பி, இப்பிடித் திண்ணையில உக்காரு. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆட்டம். என்னது கையில, ரசீதா? மகனை வகுப்புல சேத்துட்டியா? என்ன வகுப்பு, பாட்டா, நீச்சலா? நல்லது கெட்டது சொல்லிக்குடுக்குற வகுப்பா! அடேயப்பா. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஒரு மணி நேரம், 3 மாசத்துக்கு 4,000 ரூவா. ஏசி உண்டுல்லா? உண்டுன்னா சரி. வேத்து வடிஞ்சா தர்மம் மண்டையில ஏறாது பாத்துக்க.

காலையில எட்டயபுரம் பஸ்சுல வந்தியே, கடைசி சீட்டுல துண்டைத் தலையில போட்டுக்கிட்டு ஒருத்தன் உக்காந்திருந்தானே, பாத்தியா? நாந்தான். கண்டக்டர் வந்து, பையனுக்கு என்ன வயசுன்னாரு. நாலரைன்ன. கவர்மென்டு பஸ்சுல அஞ்சு வயசு வரைக்கும் டிக்கெட் கிடையாது, அதுக்கு மேல 12 வரைக்கும் அரை டிக்கெட்டு. கணக்கெல்லாம் சரியாத்தான் போட்ட. பிள்ளை விட்டானா? "இல்லப்பா, எனக்கு ஆறு முடிஞ்சிருச்சு, கேக் வெட்டுனோம்லா!"ன்னு பஸ்சே திரும்பிப் பாக்குற மாதிரி சத்தம் போட்டான். நீ அவன் தொடையில ஒரு கிள்ளு கிள்ளுன. பொறவு அரை டிக்கெட்டு வாங்குன, சில்லறை இல்லன்னு முனங்கிக்கிட்டே.

இப்பச் சொல்லு. அந்த வகுப்புக்கு யாரு போகணும்?

சரி சரி, மூஞ்சியத் தூக்காத. மோர் குடி.

எம் பேத்தி மதுரையில மனசைப் பத்தின படிப்பு படிக்கா. லீவுல வந்தா "தாத்தா, இதைக் கேளுங்க"ன்னு புஸ்தகத்தை விரிச்சிருவா. எனக்கும் பொழுது போகணும்லா, கேட்டுக்கிடுவேன். அதுல சுவிட்சர்லாந்துக்காரர் ஒருத்தர் வாராரு, பியாஜேன்னு பேரு. பிள்ளைகளுக்கு எது சரி எது தப்புன்னு எப்பிடி விளங்குதுங்கிறதைப் பத்தி 1932-ல புஸ்தகமே போட்டவரு. அதைக் கண்டுபிடிக்க அவரு என்ன செஞ்சாரு தெரியுமா? வகுப்பா நடத்துனாரு? ஜெனீவாவுலயும் நூஷாதேல்லயும் சின்னப் பயகளோட கோலி விளையாடுனாரு! எனக்கு ஆட்டம் மறந்துபோச்சு, எப்பிடின்னு சொல்லிக்குடுங்கன்னு கேட்டு, அவனுக சொல்லச் சொல்ல ஆடுனாரு. அம்புட்டுப் படிச்ச மனுசன் கோலிக்குண்டு உருட்டித்தான் விசயம் புடிச்சிருக்காரு. உம் மகன் டவுசர் பையில எத்தனை கோலி கிடக்குன்னு உனக்குத் தெரியுமா? ஒண்ணுகூட இல்லையா? அதுவும் சரிதான், வகுப்புல வாங்கச் சொல்லியிருக்க மாட்டாக.

அவரு கண்டதைக் கேளு. பொடிப்பயகளைக் கேட்டா, கோலி விதியெல்லாம் பெரியவங்க வச்சது, சாமி வச்சது, தொடவே கூடாதுன்னானுகளாம். சொல்லிட்டு அவனவன் இஷ்டத்துக்கு உருட்டுனானுகளாம்! எனக்கு நம்ம கோயில் கமிட்டி ஞாபகந்தான் வந்துச்சு. பத்துப் பதினொரு வயசுக்காரன் வேற மாதிரி. எல்லாரும் ஒத்துக்கிட்டா விதியை மாத்தலாம், மாத்துன பொறவு அதுபடிதான் ஆடணும்னிருக்கான். இந்தப் புத்தியை வாத்தியாரா குடுத்தாரு, அப்பனா குடுத்தான்? கூட ஆடுற பயலுக குடுத்தது. சரிக்குச் சரி நிக்கவன்கிட்ட மல்லுக்கட்டித்தான் நியாயம் விளங்குதுங்காரு மனுசன்.

இதுக்கு ஜெனீவா வரைக்கும் போகணுமா? அந்தா அந்த வேப்பமரத்தடிதான் நம்ம ஊரு ஐகோர்ட்டு. கோலியைக் கால் பெருவிரலால ஒருத்தன் லேசாத் தள்ளட்டும். "ஏ, அழுகுணி!"ன்னு நாலு வாய் ஒண்ணாக் கத்தும். வாய்தா கிடையாது, வக்கீல் கிடையாது. தீர்ப்பு காய். காய் விட்டாச்சுன்னா பேச்சு இல்ல, ஆட்டத்துல இடம் இல்ல. ரெண்டு நாள்ல தனிமை தாங்காம அந்தப் பய தானா வந்து நிப்பான். பழம் விடுவானுக. கமர்கட் ஒண்ணுதான் இருக்கு, தின்ன வாய் ரெண்டு இருக்குன்னா, சட்டை நுனியில சுத்திக் காக்காக் கடி. எச்சியும் படாது, பங்கும் போடலாம். அதுல எவன் துண்டு பெருசுன்னு அரைமணி நேரம் வழக்கு நடக்கும் பாரு, சொத்துப் பிரிக்கையில எங்க அண்ணன் தம்பிகிட்ட அந்த நாணயத்துல பாதி இருந்திருந்தா எனக்குக் கிணத்தடி நிலமாவது மிஞ்சியிருக்கும். அதை விடு.

இன்னொண்ணு. அக்காக்காரி இடுப்புல ஒரு வாண்டு வரும், நானும் ஆடுவேன்னு அழும். என்ன செய்வானுக? விரட்டுவானுகளா? "சரி, நீ ஒப்புக்குச் சப்பாணி"ன்னு சேத்துக்கிடுவானுக. அது ஓடலாம், தொடலாம், அவுட்டாக்குனாலும் கணக்குல வராது. சட்டமும் இப்பிடித்தான். வெள்ளைக்காரன் 1860-ல போட்ட தண்டனைச் சட்டத்துல 82-ம் பிரிவுன்னு ஒண்ணு. ஏழு வயசு நிறையாத பிள்ளை என்ன செஞ்சாலும் குத்தம் இல்ல. 2024 ஜூலையில அந்தச் சட்டத்தையே தூக்கிட்டு என் வாய்க்குள்ள நுழையாத பேருல புதுசு கொண்டாந்தாக. 82 போயி 20 ஆச்சு, ஏழு வயசு மட்டும் அசையல. ஏழுக்கு மேல 12-க்குள்ளன்னா, அந்தப் பிள்ளைக்கு வெவரம் பத்துமான்னு பாத்துத்தான் பேசணுமாம். சர்க்காரே பச்சைப் பிள்ளைகளை ஒப்புக்குச் சப்பாணியாத்தான் வச்சிருக்கு. உங்க வகுப்புல உம் மகனுக்கு நேர்மையில பத்துக்கு ஏழுதான் போடுவாக. மீதி மூணு பஸ்சுல போயிருக்கும்.

பியாஜே ஒரு கதையும் சொல்லிப் பாத்திருக்காரு. ஒரு பய சாப்பிடக் கூப்பிட்டாகன்னு கதவைத் தொறக்கான். கதவுக்குப் பின்னால கப்பு இருந்தது அவனுக்குத் தெரியாது, 15 கப்பு உடைஞ்சுபோச்சு. இன்னொருத்தன் அம்மா இல்லாத நேரம் ஜாம் திருட ஏறி ஒரே ஒரு கப்பைத் தட்டிவிட்டான். யாரு பெரிய போக்கிரின்னு கேட்டா, பொடிசுக 15 கப்புக்காரன்னு சொல்லுதுக. வளந்த பிள்ளைக திருடப் போனவன்னு சொல்லுதுக. வளர வளர, உடைஞ்சதை விட்டுட்டு மனசைப் பாக்கப் பழகுதுகளாம். பேத்தி இதைப் படிக்கையில எனக்குச் சிரிப்பு தாங்கல. போன மாசம் உம் மகன் கைதவறி செல்போனைப் போட்டப்ப முதுகுல எத்தனை வச்ச? அதே பய வேணும்னே பக்கத்து வீட்டுப் பானையைக் கல்லால அடிச்சப்ப "என்ன குறி பாரு"ன்னு சிரிச்ச. விலையைப் பாத்துத்தான அடி விழுது? நீ இன்னும் கப்பு எண்ணுற வயசைத் தாண்டல தம்பி.

பிரிஜ்ஜுல ஒரு அட்டை ஒட்டியிருக்கன்னும் கேள்விப்பட்டேன். பல்லு தேச்சா ஒரு நட்சத்திரம், அம்மாவுக்கு ஒத்தாசை செஞ்சா ஒண்ணு, பத்து சேந்தா ஐஸ்கிரீம். ஜெர்மனியில நடக்கப் பழகுன பிள்ளைகளை வச்சுப் பாத்திருக்காக, இருபது மாசக் குஞ்சுக. கீழ விழுந்த சாமானை எடுத்துக் குடுக்கதுக்கு ஒவ்வொரு தடவையும் விளையாட்டுச் சாமான் கூலி வாங்குன பிள்ளைக, கூலி நின்னதும் எடுத்துக் குடுக்கதைக் குறைச்சிருச்சு. ஒண்ணும் வாங்காத பிள்ளைக அதுபாட்டுக்கு எடுத்துக் குடுத்துச்சாம். கொத்தமல்லிக் கட்டு நழுவுனா ஓடியாந்து தூக்குற கையி அது, தம்பி. அதுக்கு நீ ஏன் சம்பளம் பேசுற? நாளைக்குப் போனஸ் கேப்பான்.

கனடாவுலயும் ஒரு ஆராய்ச்சிக் கூத்து, 2014-ல வெளிவந்தது. திரும்பிப் பாக்காதன்னு பிள்ளைக்குப் பின்னால பொம்மையை வச்சுட்டு வெளிய போயிருதாக. பாக்காத பிள்ளை உண்டா? திரும்பி வந்து கதை சொல்லிட்டு, பாத்தியான்னு கேக்காக. பொய் சொன்னா மூக்கு நீளும்னு சொன்ன கதை பலிக்கல. புலி வருதுன்னு நாம சொல்லுறோமே, அவுக ஊருல ஓநாய், அதுவும் பலிக்கல. செர்ரி மரத்தை வெட்டுன வாஷிங்டன் உண்மையை ஒத்துக்கிட்டு அப்பங்கிட்ட பாராட்டு வாங்குன கதைதான் வேலை செஞ்சிருக்கு. இதுல பெரிய வேடிக்கை, அந்தச் செர்ரி மரக் கதையே வீம்ஸ்னு ஒரு பாதிரியார் கட்டிவிட்டது! பொய்யைச் சொல்லி உண்மையை விளைய வச்சிருக்காக. நீ என்ன செஞ்ச? உண்மையைச் சொன்னவன் தொடையில கிள்ளுன.

என்னை மட்டும் யோக்கியன்னு நினைச்சிராத. போன வாரம் கொள்ளுப்பேரனோட கோலி ஆடுனேன். எனக்கு முட்டி மடங்காது. யாரும் பாக்கலன்னு கைத்தடி நுனியால கோலியை ஒரு விரக்கடை நகத்திட்டேன். பாத்துட்டான். "அழுகுணித் தாத்தா!" காய் விட்டுட்டான். மூணு நாள். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் பாக்கெட்டு நீட்டுனேன், கையை நீட்டல. "மொதல்ல ஒத்துக்கிடு"ங்கான். வேற வழி? ஆறு பயலுக முன்னால மரத்தடியில நின்னு ஒத்துக்கிட்டேன். தாத்தாவுக்குக் கண்ணு தெரியாதுல்லான்னு ஒருத்தன் எனக்காகப் பேசுனான். கண்ணு தெரியாதவரு எப்பிடி அம்புட்டு சரியா நகத்துனாருன்னு இன்னொருத்தன் மடக்குனான். கூடிக் கூடிப் பேசுனானுக. கடைசியில கடலைமிட்டாயைப் பிரிச்சு ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டு, எனக்கும் ஒண்ணு குடுத்துட்டுத் தீர்ப்புச் சொன்னானுக: இனிமே தாத்தா ஒப்புக்குச் சப்பாணி.

அந்தா கூப்பிடுதானுக. கையைக் குடு, எந்திரிக்கணும். அங்க பாரு, உம் மகனும் அந்தக் கூட்டத்துலதான் நிக்கான். கையை ஆட்டி ஆட்டி என்னமோ சொல்லுதான். பஸ் கதையாத்தான் இருக்கும்.