நாஷ்டா என்னும் பதத்தின் உற்பத்தியும் பரவலும்

உலகில் ஆராயப்படாத பொருள் ஏதேனும் எஞ்சியிருக்குமாயின், அஃது ஆராய்ச்சியாளரின் சோம்பலேயன்றி அப்பொருளின் குற்றமன்று என்னும் கொள்கையைத் தலைமேற்கொண்டு, இட்டலியை எதிர்நோக்கியிருக்கும் காலைவேளையில் வேறு உத்தியோகம் இன்மையால், 'நாஷ்டா' என்னும் பதத்தின் பூர்வோத்தரங்களை ஈண்டு ஆராயப் புகுகின்றேன்.

இப்பதம் பாரசீகம். ஆயினும் அம்மொழியில் இதற்குக் காலையுணவென்று பொருளன்று. காலைமுதல் ஒன்றும் உண்ணாதிருத்தலென்றே பொருள். இரத்தத்துச் சர்க்கரையைச் சோதிக்கும் தெஹ்ரான் வைத்தியர் 'நாஷ்டா' என்றால் வெறுவயிறென்று அறிக. அதனைக் கேட்பவர் ஹைதராபாத்வாசியாயின், குல்ச்சாவும் நஹாரியும் முடித்துக்கொண்டு போய்ச் சோதனையைக் கெடுப்பார். விரதத்தை விழுங்கிய உணவு, இந்துஸ்தானத்தில் அதன் பெயரையும் சேர்த்து விழுங்கிவிட்டது. இதில் பாரசீகர் நம்மை நகைக்க வழியில்லை. அவர்கள் நண்பகலுணவுக்கு வழங்கும் 'நாஹார்' என்பதும் முற்காலத்தில் உண்ணாமையையே குறித்தது.

இனிப் பரவல். குஜராத்தில் நாஸ்தோ, வங்காளத்தில் நாஸ்தா. இவற்றிற்கு இவ்வொரு வரி போதும். சென்னையிலோ, 1768-ல் சேப்பாக்கத்தில் மாளிகை எழுப்பிய ஆற்காட்டு நவாபின் தர்பாரில் பாரசீகம் கோலோச்சிற்று. 1837-ல் கும்பினியார் தம் நியாயஸ்தலங்களிலிருந்து அம்மொழியை விலக்கியபோதும் நாஷ்டாவுக்கு ஓர் ஊறும் நேரவில்லை. அது சமையலறையில் இருந்தது.

இச்சொல் 'நஷ்டம்' என்பதன் திரிபென்பர் கடனுக்குப் பரிமாறிய ஓட்டல் முதலாளிகள், இக்கொள்கை அனுதாபத்திற்குரியது.

அடியேனது கொள்கையோ முற்றிலும் புதிது: நா + இஷ்டம் = நாஷ்டா. நாவுக்கு இஷ்டமானது என்பது கருத்து. நடுவிலிருந்த இகரம் கெட்டதெங்ஙனம் என்பார்க்கு, நேற்றைய சாம்பாரின் நடுவில் எதுதான் கெடாதென்பது விடை. ஈற்று மகரம் மறைந்ததற்குக் காரணம் இன்னும் நுட்பமானது: மகரம் இதழ்கள் கூடப் பிறப்பது, பசித்தவனோ வாயை மூடான், வாய் திறந்தபடியே இருந்தமையால், மகரம் போக ஆகாரம் வந்து சேர்ந்தது. ஆகாரம் வந்தபின் இலக்கணம் எதற்கு?

சான்றுகள்: எம் தெருமுனைச் சிற்றுண்டிச்சாலைக் கரும்பலகை, மூன்றாம் வரி; அதற்குப் பாடபேதம், எதிர்க்கடைக் கரும்பலகை, மழையில் கரைந்த பகுதி; இவ்விரண்டிற்கும் மூலமெனக் கருதத்தக்கது, சட்டினி பரந்து எழுத்தழிந்த ஒரு வாழையிலைப் பிரதி. அதன் எஞ்சிய பாதியைப் பசுவொன்று உண்டுவிட்டமையின் கிடைத்திலது. எனினும் கிடைத்த பாதியைவிடக் கிடைக்காத பாதியே என் கொள்கைக்கு வலிமை தருவதாம். இம்முறையை ஐயுறுவோர், ஒலி ஒத்த இரண்டு சொற்களைக் கண்ட மாத்திரத்தில் சுமேரியாவோடும் சீனத்தோடும் சம்பந்தம் பேசி முகூர்த்தம் குறித்துவிடும் பண்டிதர்களின் நூல்களைப் படித்திலர் போலும்.

வேடிக்கை ஒருபுறமிருக்க, பாரசீகன் உண்ணாமையென்றான். ஆங்கிலேயன் விரதத்தை முறிப்பதென்றான். மலாயாத் தமிழரோ 'பசியாறல்' என்பர். பதார்த்தத்தை நினைத்துப் பெயரிட்டவர் இவர்களுள் ஒருவருமிலர். எல்லாரும் இராப்பட்டினியையே நினைத்தனர். இதனை அறிய அகராதி வேண்டா. எட்டு மணியாகியும் இட்டலி வந்துசேராத வயிறு ஒன்று போதும்.