நாற்பத்தைந்தில் ஓய்ந்தவர்

பழைய மாமல்லபுரம் சாலையில் எந்த அடுக்ககத்துக்குள் நுழைந்தாலும் இப்போது இப்படி ஒருவர் இருக்கிறார். காலையில் எல்லோரும் லிஃப்டுக்கு அலைமோதும்போது இவர் மட்டும் அரைக்கால் சட்டையோடு துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். வயது 45. ஐடி கம்பெனியில் மாடாய் உழைத்து, "போதும்டா சாமி" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர். ஆனால் வாட்ச்மேன் முதல் இஸ்திரிக்காரர் வரை இவருக்கு வேலை போய்விட்டது என்றுதான் நம்புகிறார்கள். "நானாத்தாங்க விட்டேன்" என்று இவர் சொல்லச் சொல்ல அந்த நம்பிக்கை இன்னும் உறுதியாகிறது.

வருஷச் செலவைப்போல 25 மடங்கு சேர்த்துவிட்டால் வேலையை விடலாம் என்பது இவருடைய வேதம். அதன் மூலம் அமெரிக்கா. வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் 1994-இல் அந்த நாட்டுச் சந்தைப் புள்ளிவிவரத்தை வைத்து, முதல் வருஷம் சேமிப்பில் 4 சதவீதம் (அதாவது 25-இல் ஒரு பங்கு), பிறகு விலைவாசிக்குத் தக்கபடி கூட்டி எடுத்தால் பணம் 30 வருஷம் தாங்கும் என்றார். நம்மவருடைய பாட்டியோ 93 வரை இருந்தவர். பேரன் அவரைக் கொண்டால் 48 வருஷம் ஓட்டவேண்டும். மிச்சம் 18 வருஷத்துக்குப் பெங்கன் பொறுப்பில்லை.

இருந்தும் எதையும் 25-ஆல் பெருக்காமல் இவர் விடுவதில்லை. 40 ரூபாய் காபி தினம் ஒன்று, வருஷத்துக்கு 14,600, பெருக்கினால் 3,65,000. "மூணு லட்சத்து அறுபத்தஞ்சாயிரம் ரூபா காபி சார் இது" என்று டம்ளரைத் தூக்கிக் காட்டுவார். எதிரில் இருப்பவருக்கு மீதி இறங்காது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் மாட்டினால் விலைவாசி. 6 சதவீதம் ஏறினால் 12 வருஷத்துக்கு ஒருமுறை செலவு இரட்டிக்கும். இன்றைக்கு மாதம் 60,000; 57 வயதில் 1,20,000; 69-இல் 2,40,000; 81-இல் 4,80,000. பாயசம் வருவதற்குள் 93-ஐத் தொட்டு 9,60,000-இல் வந்து நிற்பார்.

கணக்கில் தப்பு இல்லை. எக்செல்லில்தான் தங்கை இல்லை. தங்கை மகளுக்குச் சடங்கு என்றால் தாய்மாமன் சீர் எந்தக் கட்டத்தில் வரும்? 'இதர' என்ற கட்டத்துக்குள் ஒரு சவரனும் பட்டுப்புடவையும் அடங்குமா? அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தபோது கம்பெனி மருத்துவக் காப்பீடும் சேர்ந்து போனது. அதற்குள் அப்பாவும் இருந்தார் என்பது அப்பாவுக்குக் கண்புரை வந்தபிறகுதான் உறைத்தது. புதிதாக எடுக்கப் போனால், ஏற்கெனவே இருக்கிற வியாதிக்கு மூன்று வருஷம்வரை பொறுக்கச் சொல்கிறார்கள்.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாமே என்று வங்கிக்குப் போனார். "அறுபது ஆகணும் சார். விருப்ப ஓய்வுன்னாலும் அம்பத்தஞ்சு" என்றது கவுன்ட்டர். பக்கத்து மேஜையில் கிரெடிட் கார்டுக்குச் சம்பளச் சீட்டு கேட்டார்கள். ஓய்வுபெற்றவராக வயது பத்தவில்லை, உழைப்பவராகச் சம்பளம் இல்லை.

இவரை நிஜமாகவே சாய்த்தவர் எதிர்வீட்டு மாமா. தாலுகா ஆபீஸில் 58-இல் ஓய்வு. 2003 ஏப்ரலுக்கு முன்பே வேலையில் சேர்ந்ததால் பழைய பென்ஷன் திட்டத்துக்குள் வந்த புண்ணியவான்.

"கார்ப்பஸ் எவ்வளவு மாமா வச்சிருந்தீங்க?"

"அப்படின்னா என்னப்பா? ஒண்ணாந்தேதியானா பென்ஷன் வருது. அப்பப்போ அகவிலைப்படி ஏத்துறாங்க."

விலைவாசிக் கணக்கை மாமாவுக்கு அரசாங்கமே போட்டுத் தருகிறது. அன்று ராத்திரி நம்மவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று கேள்வி.

வேலையை விடும் யோசனையில் இருக்கும் அன்பர்கள் இவரிடம் ஆலோசனை கேட்பதைவிட இவர் மனைவியிடம் கேட்பது நல்லது. ஆனால் ராத்திரி ஏழு மணிக்கு மேல் போங்கள். அதுவரை அந்த அம்மா ஆபீஸில் இருப்பார்.