அணைக்கத் தெரியாதவனின் விண்ணப்பம்

உயர்திரு போக்குவரத்துக் காவல் ஆய்வாளர் அவர்களின் சமூகத்துக்கு,

பொருள்: இரவில் ஹெட்லைட் இல்லாமல் ஸ்கூட்டர் ஓட்டியதாக, மோட்டார் வாகனச் சட்டம் 177ஆம் பிரிவின் கீழ் விதித்த 500 ரூபாய் அபராதத்தை ரத்து செய்யக் கோருதல்.

ஐயா,

தங்கள் இ-சலான் கிடைத்தது. லிங்க்கைத் தட்டியதும் படமும் வந்தது. அந்தக் கேமராவுக்கு முதலில் ஒரு வணக்கம். என் சட்டையின் முதுகு, தையல் விட்ட தோள்பட்டை, பின்சீட்டில் கட்டிய பை, அதிலிருந்து எட்டிப் பார்க்கும் முருங்கைக்காய், நம்பர் பிளேட் எல்லாம் துல்லியம். பின்விளக்கு சிவப்பாக எரிவதும் தெரிகிறது. ஸ்கூட்டரின் பின்பக்கத்தில் ஹெட்லைட் எரியவில்லை என்பதைப் படம் ஐயம் திரிபற நிரூபித்துவிட்டது.

கேமராவை வைத்துச் சலான் போட்டால் குற்றமும் நம்பரும் படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும் என்கிறது 2021-இல் வந்த 167ஏ விதி. நம்பர் தெரிகிறது. பாதி விதியை நிறைவேற்றிவிட்டீர்கள்.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 105ஆவதையும் படித்தேன். சூரியன் மறைந்த அரை மணியிலிருந்து விளக்கு எரிய வேண்டும், 155 மீட்டர் தூரத்தில் வரும் ஆளும் வண்டியும் தெரிய வேண்டும். நியாயம்தான். அந்தச் சாலையில் தெருவிளக்கு கிடையாது. குறுக்கே தாங்கள் நிறுத்தியிருந்த இரும்புத் தடுப்பில் ஒளிரும் ஸ்டிக்கர் உரிந்து, ஜவுளிக்கடை விளம்பரம் மட்டும் மிச்சமிருந்தது. ஆடித் தள்ளுபடி எத்தனை சதவீதம் என்பதை வாசித்துவிட்டுத்தான் அதைச் சுற்றிக்கொண்டு போனேன். எந்த வெளிச்சத்தில் வாசித்தேன் என்பதைத் தங்கள் விசாரணைக்கே விட்டுவிடுகிறேன்.

இன்னொரு சங்கடம். என் வண்டியில் ஹெட்லைட்டை அணைக்க சுவிட்சே இல்லை. 2017 ஏப்ரல் முதல் தயாராகும் இருசக்கர வாகனங்களில் எஞ்சின் ஓடினால் விளக்கும் தானாக எரிய வேண்டும் என்பது மத்திய அரசு போட்ட விதி. டிம், பிரைட் மாற்றலாம், அவ்வளவுதான். அதனால் பட்டப்பகலில் நான் போகும் வழியெல்லாம் ஜனங்கள் ஐந்து விரலையும் குவித்துக் குவித்து விரிக்கிறார்கள். பால்காரர் விரிக்கிறார். பஸ் டிரைவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து விரிக்கிறார், எனக்குத்தான் பயமாக இருக்கிறது. போன வாரம் சிக்னலில் தங்கள் காவலரே, "சார், லைட் எரியுது, ஆஃப் பண்ணுங்க" என்றார். மதியம் பன்னிரண்டு மணி வெயிலில் துறையின் கண்ணில் பட்ட விளக்கு, கும்மிருட்டில் படவில்லை.

பல்ப் ஃபியூஸ் போயிருக்கும் என்பீர்கள். மெக்கானிக் கழற்றிப் பார்த்துவிட்டு, "கம்பெனி பல்புதான் சார், நல்லா இருக்கு" என்று மாட்டிவிட்டார். காசு வாங்கவில்லை. அவர் பல்பை முன்பக்கமாக நின்று பார்த்தார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

ஆகவே அபராதத்தை ரத்து செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். முடியாதென்றால் வண்டியை ஸ்டேஷனுக்கே ஓட்டி வருகிறேன். எஞ்சின் ஓடும்போது விளக்கை மட்டும் அணைக்கும் வித்தையைத் தங்கள் அலுவலர் யாராவது சொல்லித் தரட்டும். எனக்குப் பகலில் உதவும். 500 ரூபாயைப் பயிற்சிக் கட்டணமாக அன்றே கட்டிவிடுகிறேன். ரசீது மட்டும் வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
படத்தில் முதுகு காட்டியிருப்பவன்